உறைபனி, சுற்றிப் போ

என் கணவர் வில்ஃப் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு ஜோடி உலர்ந்த காலுறை. அடுப்புக் கம்பியில் தொங்கியவை இன்னும் ஈரமாகவே இருந்தன. "பரவாயில்ல, என் காலு நவம்பர்லயே செத்துப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே மாட்டினார். நின்றபடி தேநீரைக் குடித்துவிட்டு வெளியே போனார்.

ஜனவரி மாதம். யார்க்‌ஷயரில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஊர் கிரிக்கெட் மைதானம். அதைப் பராமரித்தவர் வில்ஃப். கோடையில் ஆடுகிறவர்களுக்குத் தெரியாத வேலை அது. ஆட்டங்கள் முடிந்ததும் ஆடுகளத்தைச் சுரண்டி, விதை தூவி, களிமண் பரப்புவார். இலையுதிர்காலம் முழுக்க மண்ணைக் குத்திக் காற்றோட்டம் கொடுப்பார். பூஞ்சை பிடிக்காமலிருக்க, விடிந்ததும் நீண்ட மூங்கில் கழியால் புல்லின் ஈரத்தைத் தட்டிவிடுவார். உறைபனி விழுந்த நாளில் மட்டும் எதையும் தொடக் கூடாது. உறைந்த புல்லை மிதித்தால் உள்ளுக்குள் நொறுங்கிவிடும். மிதித்த தடம் கருகி, வசந்தம் வரை அப்படியே கிடக்கும். ஒருமுறை குறுக்கே வந்த பாதிரியாரையே அவர் விடவில்லை. "தண்ணி மேல நடந்தவரப் பத்திப் பேசுற ஆளு, சுத்திப் போகத் தெரியலையா?" என்று ஊர் கேட்கக் கேட்டார்.

அன்று உறைபனி. புல்வெட்டியைப் பிரித்துச் சுத்தம் செய்ய, ஓரப் பாதையாகவே மறுகோடிக் கொட்டகைக்குப் போனார். நான் அவர் குடித்த கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கொட்டகை வாசலில் அவர் உட்காருவது தெரிந்தது. பிறகு சாய்ந்தார்.

ஆம்புலன்ஸுக்கு போன் செய்துவிட்டு ஓடினேன். மைதானத்தின் முன்வாசலில் டெரிக் ஹார்டேக்கர் நின்றிருந்தார். கிரிக்கெட் சங்கத் தலைவர், வில்ஃபோடு ஒரே பெஞ்சில் படித்தவர். வில்ஃப் விழுந்துவிட்டார், வண்டி வரும், உள்ளே அனுப்பு என்று கத்திவிட்டு மைதானத்தின் நடுவே ஓடினேன்.

"எடித், புல்லு! சுத்திப் போ!" என்றார் டெரிக்.

வில்ஃபுக்கு மூச்சு இருந்தது. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி முன்வாசலுக்கு வந்ததைப் பார்த்தேன். டெரிக் கையை உயர்த்தி அதை நிறுத்தியதையும், பின்சந்துப் பக்கம் கை காட்டியதையும் பார்த்தேன். வண்டி பின்னால் நகர்ந்து, பின்சந்தைச் சுற்றிவரத் திரும்பிப் போனது.

கொட்டகையை ஒட்டிய பின்வாசல் பனிக்காலம் முழுக்கப் பூட்டியிருக்கும். வெளியே ஆம்புலன்ஸ் ஆட்கள் கதவை உலுக்கியபோதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. சாவி வில்ஃபின் கால்சட்டைப் பையில். அவர் விரல்களை என் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுச் சாவியைத் தேடி எடுத்தேன். திறந்துவிட்டுத் திரும்பியபோது அவர் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

எப்படியும் பிழைத்திருப்பது கடினம்தான் என்றார் மருத்துவர். நல்ல மனிதர். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

நான் ஓடிய தடம் அடுத்த வாரமே கருகி, எங்கள் வீட்டுப் பக்கமிருந்து கொட்டகை வரை ஆடுகளத்தைக் குறுக்காகக் கிழித்துக் கிடந்தது. மார்ச்சில் டெரிக் ஆட்களோடு வந்து அதில் விதை போட்டார். வேலை முடிந்ததும் மனைவி செய்த பழக் கேக்கோடு என் கதவைத் தட்டினார். வண்டியை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன்.

"அவனே அங்க நின்னிருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பான், எடித்."

அது உண்மை. அதனால்தான் கேக்கைத் தட்டோடு திருப்பிக் கொடுத்தேன்.

அந்த வருடம் ஆடுகளம் பிரமாதம் என்று வெளியூர் அணிகள்கூடப் புகழ்ந்தன. நான் சங்கக் கூட்டத்துக்குப் போய் ஒன்றே ஒன்று கேட்டேன். முன்வாசல் பலகையில் 'உறைபனி, சுற்றிப் போ' என்று வில்ஃப் வெள்ளை வர்ணத்தில் எழுதியிருந்தார். அதன் கீழே, ஆம்புலன்ஸுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

டெரிக்கின் கண் கலங்கியது. "அது வில்ஃப் கையால எழுதினது. அதுல நாங்க எப்படிக் கை வைக்கிறது?" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். யாரோ என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் டெரிக் அந்த எழுத்துகளின் மேல் புது வர்ணம் பூசுகிறார். பலகையின் கீழ்ப்பாதி காலியாகத்தான் இருக்கிறது.