டார்ச்சுக்கு ஏற்ற கிரீஸ்

திரையில் நாயகனின் தாய் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். பின்னணி இசைகூட மரியாதையாக ஒதுங்கி நின்றது. அந்த நேரம் பார்த்து, பால்கனிப் படிக்கட்டிலிருந்து 'கிறீச்' என்று ஒரு சத்தம். யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது. தாய் கேட்பாரற்றுச் செத்துப்போனாள். கடைசி வரிசை ஓரத்தில் ஒரு பெண்மணி, வழக்கம்போல, எதையோ கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடினார்.

சத்தத்துக்குச் சொந்தக்காரர் லைட்டண்ணன். இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டுவது அவர் வேலை. பழைய டார்ச்சுகள் சிந்திய குளிர்பானத்தில் விழுந்து உயிரை விட்டதால், கடலுக்கடியில் முங்குகிறவர்கள் வைத்துக்கொள்ளும் ஒன்றை மேனேஜர் தள்ளுபடியில் பிடித்து வந்திருந்தார். தியேட்டருக்குள் என்ன கடலா இருக்கிறது என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. பொத்தான் கிடையாது; தலையைத் திருகினால் எரியும், எதிர்ப்பக்கம் திருகினால் அணையும். தண்ணீர் புகாமலிருக்க, தலை திருகி ஏறும் மரையை ஒட்டி ஒரு ரப்பர் வளையம். அது காய்ந்துபோய், திருகும்போதெல்லாம் கத்தியது.

"இது டார்ச்சா, எலிக்குஞ்சாண்ணே? இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா நீங்க வெளிய பைக் ஸ்டாண்டைப் பாத்துக்கங்க" என்றார் மேனேஜர்.

பைக் ஸ்டாண்டுக்குக் கூரை கிடையாது. ஏசியிலேயே வேலை பார்த்து வெயிலை மறந்துபோன உடம்பு லைட்டண்ணனுக்கு. அன்றே வைத்தியத்தை ஆரம்பித்தார்.

முதலில் மனைவியின் தையல் மிஷின் எண்ணெய். சத்தம் நின்றது, ஆனால் எண்ணெய் நிற்கவில்லை. கசிந்து, டிக்கெட்டுகளில் ஏறி, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரின் தோளில் போய் உட்கார்ந்தது. அடுத்து, பித்தவெடிப்புக்குத் தடவும் ஜெல்லி. அதை எடுத்துக் கொடுத்தவளும் மனைவிதான். அதில் ஊறி ரப்பர் வளையம் வீங்கிக்கொண்டது. விளக்கு எரிந்த நிலையில் டார்ச் இறுகிப்போக, ஒரு முழுப் படத்துக்கும் நிலாவை அக்குளில் இடுக்கியவர்போல அலைந்தார். ஆபரேட்டரும் மேனேஜரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகியதில்தான் அது திறந்தது. நல்லவேளை, டார்ச் வந்த டப்பாவில் உபரி வளையம் ஒன்று இருந்தது.

வீட்டுக்குத் தண்ணீர் ஃபில்டர் சர்வீஸ் செய்ய வந்தவரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் புலம்பினார்.

"ரப்பருக்கு அந்த ஜெல்லியெல்லாம் ஆகாதுங்க, ஊதிரும். சிலிக்கான் கிரீஸ்தான் சரி. ஃபில்டர் வாஷருக்கு நாங்க போடுறதே அதான். மரையை நல்லாத் தொடச்சுட்டு மிளகளவு தடவுங்க, போதும்" என்று ஒரு சின்ன டப்பாவையே கொடுத்துவிட்டார் அவர்.

மனைவிக்கு ஏனோ அது பிடிக்கவில்லை. "எதுக்குங்க அதெல்லாம்? சத்தம் இருந்துட்டுப் போகட்டுமே. இருட்டுல திடுதிப்புனு போய் நின்னா மனுசங்க பயந்துர மாட்டாங்க?"

"தியேட்டரப் பத்தி உனக்கு என்ன தெரியும்? பாஸ் குடுத்தாக்கூடத் தலைவலின்னு வரமாட்டேங்கிறே."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளறையில் ஸ்பூனால் தம்ளரைத் தட்டும் சத்தம் கேட்டது. படுக்கையிலிருக்கும் மாமியாருக்கு எது வேண்டுமென்றாலும் அந்தத் தட்டல்தான். தண்ணீரானாலும் தலையணையானாலும் ஒரே தட்டல். அவள் போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை மதியக் காட்சி. டார்ச் வழுக்கிக்கொண்டு திரும்பியது. லைட்டண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. வேலை இல்லாத வரிசைகளிலும் போய்த் திருகிப் பார்த்தார். முன்சீட்டில் காலைப் போட்டிருந்தவர் பதறி இழுத்துக்கொண்டார். பிஸ்கட்டை மறைத்துத் தின்றுகொண்டிருந்த ஒருவர், முழுசாக விழுங்கிவிட்டுத் திணறினார். கடைசி வரிசைக்குப் போனார். ஓரத்து இருக்கையில், செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி, கைப்பையைத் தலைக்கு வைத்து, வாய் திறந்தபடி ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் மனைவி.

வெளிச்சத்தைச் சட்டென்று தரைக்கு இறக்கினார். புதன்கிழமைகளில் அவருடைய தங்கை வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். அந்த மதியம் மட்டும் மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போவாள். அப்படித்தான் சொல்லியிருந்தாள். முதலில் வந்தது கோபம். பாஸ் கொடுத்தால் வராதவள், காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்து தூங்குகிறாள். பிறகுதான் கீழே குனிந்து தேடும் அந்தப் பெண்மணி நினைவுக்கு வந்தார். ஒருமுறை அவரிடம், "என்னம்மா தேடுறீங்க, லைட் அடிக்கவா?" என்று பரிவாகக் கேட்டதும், வேண்டாமென்று ஒரு கை மட்டும் மேலே வந்து ஆடியதும்கூட.

அவளை எழுப்பவில்லை. திரையில் யாரோ யாரையோ சுட்டுத் தள்ளினார்கள். அதற்கும் அவள் அசையவில்லை. வீட்டில் ஸ்பூன் ஒருமுறை தட்டினால் எழுந்துவிடுகிறவள்.

சாயங்காலம் வீட்டில் கேட்டார்: "அக்கா நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்கா" என்றாள், தம்ளரைக் கழுவியபடி. முகம் தெளிந்திருந்தது. "இன்னைக்கு அங்க நல்லாத் தூங்கிட்டேன். நேரம் போனதே தெரியல. எழுந்ததும் பக்குனு ஆயிருச்சு."

அவர் வருவதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவந்தது டார்ச்சின் கிறீச்தான்; அது கேட்காமல் தூங்கிவிட்டதால்தான் பக்கென்று ஆகியிருக்கிறது. இப்படி இன்னொரு முறை பதறினாளென்றால் அப்புறம் வரமாட்டாள். தனக்குத் தெரியும் என்று அவர் சொன்னாலும் வரமாட்டாள். டார்ச்சைக் கழற்றி, பழைய துணியால் மரையில் இருந்த கிரீஸை ஒட்டத் துடைத்தார். ரப்பர் வளையத்தை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, விசிறிக்குக் கீழே காயவைத்தார். "நல்ல கிரீஸுதானே, ஏன்?" என்று கேட்டாள் அவள். "கையில பிடிப்பே இல்ல, வழுக்குது" என்றார். அவள் அடுப்படிக்குப் போனாள்.

மறு புதன்கிழமை, படத்தில் காதலர்கள் மௌனமாகப் பிரிந்துகொண்டிருந்தார்கள். லைட்டண்ணன் பால்கனி ஏறி, கடைசி வரிசைக்கு வெகு முன்பாகவே நின்று, டார்ச்சின் தலையை நிதானமாகத் திருகினார்.

கிறீச்.

அரங்கம் சிரித்தது. கீழே கதவு திறந்து, வாசல் வெயிலோடு மேனேஜரின் தலை தெரிந்தது. "அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க" என்றது அந்தத் தலை. மேலே, ஓரத்து இருக்கையில் இன்னொரு தலை மறைந்தது. அவசரத்தில் ஒரு செருப்பு மட்டும் நடைபாதைக்கு வந்து கிடந்தது. லைட்டண்ணன் வெளிச்சத்தை எதிர்ச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு, அதைக் காலால் மெல்ல வரிசைக்குள் தள்ளிவிட்டார். இருட்டிலிருந்து ஒரு கை வந்து அதை எடுத்துக்கொண்டது.