தவறான டிஸ்க்

அவள் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்கிறவள். முடியும் தறுவாயில் இருந்த ஒரு பெரிய நாவல் முழுவதும் மேசை மேலிருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது. பிரதி எடுக்க வேண்டும் என்று தினமும் நினைத்தாள், எடுக்கவில்லை.

பழைய கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் போட்டுத் தருகிறேன் என்று கணவன் தானாக வந்து உட்கார்ந்தான். அவளுடைய டிஸ்க்கும் அதில் மாட்டியிருந்ததால் பட்டியலில் இரண்டு டிஸ்க்குகள் தெரிந்தன. தவறானதைத் தேர்ந்தெடுத்து, "புது பார்ட்டிஷன் டேபிள்" என்பதை அழுத்திவிட்டான். எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று டிஸ்க் வைத்திருந்த குறிப்பு ஒரே நொடியில் காணாமல் போனது.

"உன் டிஸ்க் காலியா இருக்கே... முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சா?" என்றான்.

அவள் ஓடி வந்தாள். டிஸ்க்கைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் மாட்டினாள். பயன்படுத்தும் முன் டிஸ்க்கைத் தயார்செய்யட்டுமா என்று திரை கேட்டது. அவன் கை மவுஸை நோக்கிப் போனது.

"தொடாதீங்க!"

"அதுதானே கேக்குது?"

"கேட்டா எல்லாத்துக்கும் சரின்னுடுவீங்களா? அதுல இனி ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. எழுதினா மிச்சமும் போயிடும்."

"அப்ப நான் சும்மா கையைக் கட்டிக்கிட்டு உட்காரணுமா?"

"ஆமாங்க. இப்ப நீங்க பண்ற பெரிய உதவி அதுதான்."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவள் காலியாக இருந்த இன்னொரு டிஸ்க்கைத் தேடியெடுத்து, முதல் டிஸ்க்கை அப்படியே பிரதியெடுக்க விட்டாள். காத்திருந்த நேரமெல்லாம் அவன் "முடிஞ்சுதா?" என்று வாசலில் தலையை நீட்டிக்கொண்டே இருந்தான்.

ஒருவழியாக, தொலைந்த பகுதிகளைத் தேடும் மென்பொருளைப் பிரதியில் ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பகுதி அகப்பட்டது.

"கிடைச்சிடுச்சு! டேபிளை எழுது, எழுது!" என்று குதித்தான் அவன்.

"உள்ளே என்ன இருக்குன்னு பாக்காமலா?"

திறந்து பார்த்தாள். என்றோ அழித்துப்போட்ட பழைய படங்களின் பெயர்கள். டிஸ்க்கை முன்பு வேறு மாதிரி பிரித்து வைத்திருந்த காலத்துச் சுவடு அது. அதை வைத்து டேபிளை எழுதியிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு தேடலைத் தொடர்ந்தாள்.

கடைசியில் பெரிய பகுதி வந்தது. உள்ளே அத்தியாயங்கள் வரிசையாக இருந்தன. அதைத் தேர்ந்தெடுத்துப் பிரதியில் பார்ட்டிஷன் டேபிளை எழுதினாள், அந்த டிஸ்க்கைக் கழற்றி மறுபடி மாட்டினாள். கோப்புறைகள் வந்து நின்றன. கதாநாயகி தன் தந்தையிடம் சண்டை போடும் இடத்தை ஓடவிட்டாள். ஒரு சொல்கூடக் குறையாமல், அவள் வாசித்துப் பதிந்த குரல் அறையில் ஒலித்தது. அப்போதுதான் அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

வரவேற்பறையில் அவன் போனில் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "சின்னப் பிரச்சினைதாம்மா. ரெண்டு பேருமா உட்கார்ந்து சரிபண்ணிட்டோம்."

'ரெண்டு பேருமா' என்ற இடத்தில் அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, நாவலை லேப்டாப்புக்கு நகலெடுக்கத் தொடங்கினாள்.