அணைந்த சுடரும் பதினெட்டு நிமிடமும்

விளக்கக் கடிதத்தை மூன்றாம் முறையாகக் கிழித்துப் போட்டான் சுஜின். கடலில் எரிவாயு எடுக்கும் மேடையில் அவன் ஷிப்ட் பொறுப்பாளன். லீவில் மூணாறு தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. ‘அவசரப்பட்டு உற்பத்தியை நிறுத்தியது என் தவறு’ என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தால் வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை.

“சும்மா எரியிற தீ அணைஞ்சதுக்கா இம்புட்டு?” என்றாள் மனைவி டின்சி.

அந்தச் ‘சும்மா’தான் அவனுக்கு எரிச்சலைக் கிளப்பியது. அந்தத் தீ எரியும் இடம் ஊருக்கெல்லாம் கேஸை வீணாக்கும் கம்பம். மேடையை விட்டுத் தள்ளி, கடலுக்கு மேலே நீண்டு நிற்கும் கோபுரம் அது. குழாயில் அழுத்தம் எகிறினால் மிஞ்சிய வாயு அங்கே போய் எரியும். மேடையில் அறுபது உயிர் பிழைக்கும். அதற்கு உச்சியில் ஒரு சிறு சுடர் எப்போதும் எரிந்தாக வேண்டும். அணைந்தால் வாயு காற்றோடு மேடைக்கே திரும்பும். ஒரு பொறி போதும். சுடர் மறுபடி பற்றாவிட்டால் யாரையும் கேட்காமல் கடலடி வாயுக் கிணறுகளை மூடு என்பது விதி.

லீவுக்கு முன் ஒருநாள் மழைக்காற்றில் அந்தச் சுடர் அணைந்தது. பற்றவைக்கும் கருவி மூன்று முறையும் கைவிட்டது. அதை மாற்றச் சொல்லி அவன் எழுதியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு ஏறிப்போய், கரை அலுவலக மேலாளர் கோபிநாத்தைக் கூப்பிட்டான். மீனாட்சிபுரத்துக்காரர், மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

“ஏனுங்க சுஜின், ஏதாச்சும் வெடிச்சுதுங்களா?”

“இல்ல சார்.”

“அப்புறம் எதுக்குங்க ஆறு மணி நேரம் மூடிப் போட்டீங்க?”

வெடித்திருந்தால் பதில் சொல்ல இவன் இருந்திருப்பானா? என்னென்னவோ கேட்டவர், கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. சுடர் அணைந்ததற்கும் கிணறுகளை மூடியதற்கும் நடுவே பதினெட்டு நிமிடம். கரையின் அனுமதிக்காகப் போனைப் பிடித்தபடி அவன் காத்திருந்த நேரம். தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி சொல்லாமல் கொழுந்துக் கூடையை இறக்காத குடும்பம் அவனுடையது. அந்தப் பழக்கம் கடலுக்கும் கூடவே போயிருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினான்: ‘நிறுத்தியது தவறல்ல. அனுமதி கேட்டுப் பதினெட்டு நிமிடம் நிறுத்தாமல் இருந்ததே என் தவறு.’

டின்சி படித்தாள். “வேல போயிருமே... அந்தப் பதினெட்டு நிமிசமும், அங்க உங்ககூட வேல பாக்குற என் தம்பி டின்டு எங்க நின்னான்?”

“கோபுரத்துப் பக்கத்து மேடை ஓரத்துல.”

“அனுப்புங்க,” என்றாள்.

வேலை போயிற்று. அடுத்த வாரம் அதே வளைவில் நிற்கையில் டின்டுவின் அழைப்பு வந்தது.

“மச்சான், உங்க எடத்துல என்னயப் போட்டுட்டாங்க. இங்க காத்து பலமா இருக்கு. சுடர் அணைஞ்சா எத்தன நிமிசம் பாக்கட்டும்?”

“ஒரு நிமிசங்கூடப் பாக்காத. யாரையும் கேக்காத.”

மறுமுனையில் டின்டு யாரிடமோ, “இன்னொரு தடவ பத்தவச்சுப் பாரு” என்றான்.

“என்னல?”

“அணைஞ்சு பத்து நிமிசமாச்சு மச்சான். பத்தவே மாட்டேங்குது. கோபிநாத் சார் போன் எடுக்கல. அதான் உங்களக் கேக்கேன்.”

“என்னையும் கேக்காதல! மூடு!” என்று அலறினான் சுஜின்.