தொண்ணூற்றொரு சதவீதம் தயார்

தோன் எவெலியோவின் இடது கை பப்பாளிக்காய் மாதிரி வீங்கிப்போனதற்கு நான்தான் காரணம். கிருமி, வயது, மழைக்காலம் என்று பழியைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் தேடிப் பார்த்தேன். ஒருவரும் முன்வரவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி வார்டில், டிரிப்ஸ் ஊசி குத்தினால் அதன்மேல் ஒட்டும் பிளாஸ்டரில் தேதி எழுதுவது வழக்கம். மூன்று நாள் ஆனதும் அதைப் பிடுங்கிவிட்டு வேறு நரம்பில் குத்துவோம். பழைய நரம்பு நன்றாக இருந்தாலும் சரி, புது நரம்பு கிடைக்காமல் நோயாளி கண்ணீர் விட்டாலும் சரி, மூன்று நாள் என்றால் மூன்று நாள். இது வீண் வேதனை, ஒவ்வொரு ஷிப்டிலும் குத்திய இடத்தைப் பார்த்து, சிவந்தாலோ வலித்தாலோ மாற்றினால் போதும் என்று உலகத்தில் பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. எங்கள் மலை நகரமான மனிஸாலெஸில் அவற்றை அடிக்குறிப்பு விடாமல் படித்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு ஒரு கர்வம். அதனால் ஆகஸ்டில் ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரிலிருந்த 'எழுபத்திரண்டு மணி நேரம்' அறிவிப்பைக் கிழித்து, 'ஒவ்வொரு ஷிப்டிலும் பார்க்கவும்' என்று புதியதை ஒட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். தேதி கண்ணில் பட்டால் பழைய புத்தி திரும்பிவிடும் என்று, பிளாஸ்டரில் தேதி எழுதுவதையும் நிறுத்தச் சொன்னேன். எந்த ஆய்விலும் அப்படி இல்லை. அது என் சொந்தச் சரக்கு.

அக்டோபர் கடைசியில், நுரையீரலில் சளி கட்டி தோன் எவெலியோ வந்து சேர்ந்தார். மலைத் தோட்டங்களிலிருந்து காப்பி மூட்டையும் வாழைத்தாரும் ஏற்றிவரும் ஜீப்பை நாற்பது வருடம் ஓட்டியவர். 'தோன்' என்பது எங்கள் ஊரில் பெரியவர்களின் பெயருக்கு முன்னால் சேர்க்கும் மரியாதை. அவர் கையில் ஏறிய ஊசியை ஆறு நாள் யாரும் பார்க்கவில்லை. ஏழாம் நாள், திங்கள்கிழமை காலை, அவருக்குக் காய்ச்சல் ஏறிய பிறகுதான் போர்வையை விலக்கினோம். முழங்கை வரை சிவப்பு. நரம்பு கயிறு மாதிரி விறைத்திருந்தது. ஊசியை எடுத்து, ஒத்தடம் போட்டு, வேறு மருந்து தொடங்கினார்கள்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வெட்கத்தோடு. பெயர் ருபியேல், இந்த வார்டில் செவிலியன். ஆறு வருடமாகச் செவிலியத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். நாலு வருடப் படிப்பு அது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது. என் அத்தை பட்டத்துக்குச் சட்டகமே வாங்கி மாட்டிவிட்டாள். இப்போதைக்கு உள்ளே ஒரு குதிரைப் படம் இருக்கிறது. ஆய்வுத் தலைப்பு: சான்றின் வழி சிகிச்சை செய்ய எங்கள் வார்டுச் செவிலியர்கள் எந்த அளவுக்குத் தயார்? புது அறிவிப்பு ஒட்டிய பிறகு கொடுத்த, முப்பது கேள்விகள் கொண்ட படிவம்; ஊசி குத்திய இடத்தைப் பார்க்கிறீர்களா என்பதும் அதில் ஒன்று. பெயர் எழுத வேண்டாம், ஓட்டுப் பெட்டி மாதிரி பூட்டிய பெட்டியில் போட்டால் போதும். பதில்களைக் கூட்டிக் கழித்தால், என் வார்டு தொண்ணூற்றொரு சதவீதம் தயார்.

அந்த எண்ணைப் பார்த்து மயங்கியவன் நான் மட்டுமல்ல. எங்கள் இயக்குநரும் மயங்கினார். வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் என் வாய்மொழித் தேர்வு; அடுத்த திங்கள்கிழமை முதல் ஆஸ்பத்திரியின் பதினொரு வார்டுகளிலும் என் அறிவிப்பு சுவரேறும் என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. கையைப் பார்த்த மறுநாள் அது, செவ்வாய். பதினொரு வார்டு என்றால் முந்நூறு கைகள். நான் ஒரே ஒரு கையைத்தான் கெடுத்திருந்தேன், அதற்கே தூக்கம் போய்விட்டது.

தோன் எவெலியோவைப் பார்க்கப் போனேன். கையை ஒரு தலையணைமேல் வைத்து, அது வேறு யாரோ விட்டுப்போன சாமான் என்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தலைவரே. இந்தக் கை இன்னும் என்னோடதுதானா, இல்ல ஆஸ்பத்திரிக்கே எழுதிக் குடுத்துட்டேனா?"

எங்கள் நாட்டில் பட்டம் பெற்ற செவிலியரை, ஆணோ பெண்ணோ, எல்லோரும் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமை ஒன்றும் கிடையாது. மலச்சட்டி எடுத்துக்கொண்டு ஓடும்போதும் தலைவர்தான்.

"வலி எத்தனை நாளா?" என்றேன்.

"மூணு நாளா."

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் பாத்தேன். ஓடற பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தலாம். ஓடற தலைவரை எப்படி நிறுத்தறது?" கொஞ்சம் யோசித்தார். "முந்தாநாள் நீங்களே வந்தீங்க. மருந்து ஏத்தினீங்க. குளிருதேன்னு நான் கழுத்து வரைக்கும் போத்தியிருந்தேன். நீங்க வெளியில தொங்கின டியூபை மட்டும் புடிச்சு ஊசியப் போட்டுட்டு, 'ராஜா மாதிரி இருக்கீங்க தோன் எவெலியோ'ன்னு சொல்லிட்டுப் போனீங்க."

எனக்கு நினைவு வந்தது. எங்கள் ஊர்க் குளிரில் நோயாளிகள் அத்தனை பேரும் மூட்டை மாதிரிதான் கிடப்பார்கள். அன்று இருபத்தெட்டு மூட்டைகள். 'ஒவ்வொரு ஷிப்டிலும் பார்க்கவும்' என்று எழுதி ஒட்டிய கை, அந்த ஒரு போர்வையைத் தூக்கவில்லை.

"என் மேல கோவமா?" என்றேன்.

"பிரேக் போன ஜீப்புல உக்காந்திருக்கறவன் டிரைவர்கிட்ட கோவப்பட மாட்டான் தலைவரே. நல்லா ஓட்டறீங்கன்னுதான் சொல்லுவான்."

இதை ஆம் என்று எடுத்துக்கொள்வதா, இல்லை என்று எடுத்துக்கொள்வதா? எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் நேராகப் பதில் சொல்வதில்லை. மரியாதை என்று அதற்குப் பெயர்.

மதியம் என் நெறியாளர் டாக்டர் கிளெமென்சியாவின் அறைக்குப் போனேன். ஆறு வருடம் என்னைக் கயிறு கட்டி இழுத்துவந்தவர் அவர். டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். நான்தான் கடைசி மாணவன், அதாவது கடைசிச் சுமை. கையைப் பற்றிச் சொன்னேன். மூலிகைத் தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"ருபியேல், ஒரு கை சான்று ஆகாது."

"அவருக்கு அது ரெண்டுல ஒண்ணு டாக்டர். பாதி."

"கிண்டல் வேண்டாம்."

"யாருமே பார்க்கலைன்னு நினைக்கிறேன். அப்படின்னா படிவத்துல இருக்கறது எல்லாம் பொய். திங்கக்கிழமை நிறுத்தச் சொல்லணும்."

"படிவம் பொய்ங்கறதுக்குச் சான்று இருக்கா?"

"எப்படி இருக்கும்? யார் எதை எழுதினாங்கன்னு தெரியாதே. பெயர் கிடையாது."

"பெயர் வேண்டாம்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"ரொம்பச் சரியான முடிவு. நெறிமுறைக் குழுவே பாராட்டியிருக்கு."

என் பூட்டு, என் பெட்டி, உள்ளே நான். இத்தனை அழகாகத் தன்னைத்தானே பூட்டிக்கொள்ள முனைவர் படிப்பு படித்தவனால்தான் முடியும். அறிவிப்பை நிறுத்தச் சான்று வேண்டும். இருக்கிற ஒரே சான்று அறிவிப்புக்கு ஆதரவாக இருக்கிறது. அதைத் தயாரித்தவன் நான். அது தவறு என்று நான் சொன்னால், அதற்கும் சான்று வேண்டும்.

டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "யாராவது ஒருத்தர், 'நான் பார்க்காமலே பார்த்தேன்னு எழுதினேன்'னு வந்து சொல்லட்டும். நானே இயக்குநர்கிட்ட போறேன், திங்கக்கிழமை ஒண்ணும் நடக்காது. ஆனா உங்க ஆய்வேடு அன்னிக்கே போச்சு. திரும்ப முதல்லேருந்து செய்ய நேரம் கிடையாது. தெரியுதில்ல?"

"தெரியுது." வாசல் வரை போய்த் திரும்பினேன். "டாக்டர், நான் தயாரா?"

"தயார்நிலைங்கறது ஒரு புள்ளி இல்ல ருபியேல். அது ஒரு தொடர்ச்சி."

அந்த வாக்கியம் என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. எழுதியவன் நானே.

புதன் காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும்போது, வீட்டிலிருந்தவர்களையும் வரச்சொல்லி, எல்லோரையும் மருந்து அறையில் நிறுத்தினேன். ஒன்பது பேர். "படிவத்துல நீங்க எல்லாரும் உண்மையைத்தானே எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா தலைவரே!" மாதா கோயில் பூசையில் பாதிரியாருக்குப் பதில் சொல்வது மாதிரி ஒரே குரல்.

"பயப்படாம சொல்லுங்க. பொய்யா எழுதியிருந்தா எனக்கு ரொம்ப உதவி."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேர்வுப் பயத்தில் தலைவருக்கு மூளை பிசகிவிட்டது என்று தீர்மானித்திருக்க வேண்டும். ஒருத்தி என் தோளைத் தட்டி, "எல்லாம் நல்லபடியா முடியும் தலைவரே, மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்கேன்" என்றாள். இன்னொருவன், "பட்டம் வாங்கினதும் பன்னிக்கறி விருந்து உண்டுல்ல?" என்றான். சிரித்துக் கலைந்தார்கள்.

சொன்னால் ஆறு வருடம் போகும், சொல்லாவிட்டால் முந்நூறு கைகள். இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பகல் பதினொரு மணி வரை. பதினொன்றுக்கு அத்தை தொலைபேசியில் அழைத்து, வெள்ளிக்கிழமைக்கு எந்தச் செருப்பு போட்டுக்கொள்வது என்று கேட்டாள். கறுப்பு என்றேன். யாரும் வாயைத் திறக்காமல் இருந்தால் நல்லதுதானே என்று ஒரு எண்ணம் எலி மாதிரி உள்ளே ஓடிற்று. அது ஓடியது உண்மை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

மதியம் ஒரு மணிக்குச் சற்று முன்னால், வார்டின் கடைக்கோடியில் லுஸ் தாரியைப் பார்த்தேன். உதவிச் செவிலியர். இந்த மாடியில் பத்தொன்பது வருடம். பிளாஸ்டரைக் கீற்றுக் கீற்றாகக் கத்தரித்துத் தள்ளுவண்டியின் ஓரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனதும் கையிலிருந்த பேனாவைச் சட்டைப்பைக்குள் போட்டாள். ஒவ்வொரு கீற்றின் மூலையிலும் எறும்பு அளவு எழுத்தில் அன்றைய தேதி.

"இது என்ன?"

"எது தலைவரே?"

"இந்தத் தேதி."

"பழக்கதோஷம்." முகத்தைத் திருப்பாமலே இன்னொரு கீற்றைக் கத்தரித்தாள். "கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிக்காதீங்க. எப்பலேருந்து எழுதறீங்க?"

"ஆறாம் நம்பர் கட்டில்காரரு கை வீங்கினதுலேருந்து."

"நீங்க மட்டுமா?"

அவள் அடுத்த கீற்றுக்குக் கத்தரியை ஓட்டினாள். 

தள்ளுவண்டியின் மறுபக்கம் போய் நின்றேன். "லுஸ் தாரி, நான் ஒண்ணு சொல்றேன். ஞாயித்துக்கிழமை தோன் எவெலியோவுக்கு மருந்து ஏத்தினது நான். போர்வையைத் தூக்கல. சனிக்கிழமையும் நான்தான். அன்னிக்கும் தூக்கல. அறிவிப்பு எழுதினவனே பார்க்கல. ஷிப்ட் குறிப்புல மட்டும் 'பார்த்தேன், நன்றாக உள்ளது'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

கத்தரி நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் இதை என்கிட்ட சொல்றீங்க?"

"திங்கக்கிழமை இதையே எல்லா வார்டுலயும் ஒட்டப் போறாங்க. உங்க யாராவது ஒருத்தர் வாய்லேருந்து உண்மை வந்தாத்தான் நிக்கும்."

"வந்தா உங்க பட்டம்?"

"போயிடும்."

"ஆறு வருசமா படிக்கறீங்களே."

"ஆமா."

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி எதிர்க் குன்றின் வீடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஆறாம் கட்டிலில் தோன் எவெலியோ பக்கத்துக் கட்டில்காரரிடம் கால்பந்து பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், வலது கையை மட்டும் ஆட்டி.

"பதினாலாம் கேள்வி," என்றேன். "ஒவ்வொரு ஷிப்டிலும் ஊசி குத்திய இடத்தைத் திறந்து பார்க்கிறேன். எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை. நீங்க என்ன போட்டீங்க?"

"எப்போதும்."

"பார்த்தீங்களா?"

அவள் கத்தரியை வண்டியின் மேல்தட்டில் வைத்தாள்.

"இல்ல. ஒருநாளும் பாக்கல. நான் மட்டும் இல்ல, இந்த மாடியில யாருமே பாக்கல. இருபத்தெட்டுப் பேருக்கு ஷிப்டுக்கு நாங்க ரெண்டு பேரு. தேதி இருந்தப்போ நடந்துக்கிட்டே கண்ணுல பட்டுடும், பட்டதும் நிப்போம், அதுதான் நாங்க பாக்கறது. நீங்க தேதியை எடுத்துட்டீங்க, நிக்கறதும் போச்சு. எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன், வேணும்னா நாளைக்கே வரேன். ஆனா தெரிஞ்சுக்கோங்க, ஏமாத்தணும்னு எழுதல. அது உங்க பரீட்சைன்னு நெனச்சோம் தலைவரே. நீங்க பாஸாகணும்னுதான் எல்லாரும் 'எப்போதும்'னு போட்டோம்."