இறால் ஓட்டு மணிகள்

டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினாள் நுஸ்ரத். வெறும் துணிப்பை மட்டும் மேலே வந்தது. மகள் பாராட்டப்போகிறாள் என்று பக்கத்தில் காத்து நின்றாள் சஃபீனா.

தாராவியில் பழைய பிளாஸ்டிக்கை அரைத்துக் கழுவி விற்கும் கடை, அவள் புருஷன் சிராஜுடையது. கழுவிய தண்ணீரோடு பிளாஸ்டிக் தூளும் சாக்கடைக்குப் போகிறதென்று மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. இன்று தண்ணீரைப் பிடித்துப் பார்க்க வருவார்கள். தேறாவிட்டால் கடைக்கு சீல். மாதுங்கா காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கும் நுஸ்ரத்தான் வழி கண்டுபிடித்தாள். இறால் ஓட்டைக் காஸ்டிக் சோடாக் காரத்தில் காய்ச்சி, பொடித்து, கூழாக்கி, ஜவ்வரிசி போல வெள்ளை மணிகளாக்கினாள். தண்ணீர் அந்த மணிகளுக்கிடையே புகுந்து வந்தால் அதிலுள்ள தூள் மணிகளில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். மழைக்காலம் முழுக்க அதே வேலை. வீடும் கடையும் நாறின. "சிராஜ் பாய் மீன் மார்க்கெட் தொறந்துட்டாருடோய்" என்று சந்தே கிண்டலடித்தது.

அந்த நாற்றந்தான் சஃபீனாவை அரித்தது. வருகிற ஆபீசர் மூக்கைச் சுளித்தால்? இன்று விடிந்ததும் கடைக்கு வந்து, மணிகள் நிறைந்த துணிப்பையை டிரம்முக்குள்ளேயே வினிகர் தண்ணீரில் ஊறப்போட்டாள். அடுப்படியில் இறால் கவிச்சியை அவள் அப்படித்தானே போக்குவாள். பிறகு டிரம்மின் குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டாள்.

"உம்மா, இதுல என்ன ஊத்துனிய?"

"வினிகர்தாம்ளா. மோந்து பாரு, துளி வாடை இருக்கா?"

நுஸ்ரத் ஈரப்பையைப் பிழிந்தாள். "வினிகர்ல இது கரைஞ்சிரும் உம்மா. மொத்தமும் சாக்கடைக்குப் போயிட்டு."

 மகள் ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சஃபீனாவுக்கு. நுஸ்ரத் குரலை மட்டும் தாழ்த்தினாள்.

"வாப்பாட்ட நீங்க வாயத் தொறக்காதிய. நான் அளவத் தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லிக்கிடுதேன்."

சொல்ல நேரமில்லை. புதுச் சட்டை போட்ட சிராஜ், ஆபீசரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். என் மகள் செய்தது சாப், காலேஜிலேயே பேச்சாம் என்று ஹிந்தியில் பெருமை அளந்துகொண்டே மெஷினை ஓட்டினார். டிரம் குழாயையும் அவரே திறந்தார். சஃபீனா ஓரடி முன்னால் வந்தாள். நுஸ்ரத்தின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின.

ஆபீசர் பாட்டிலை நிரப்பி, வாசல் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். உள்ளே நீலமும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் துணுக்குகள், அடியில் தங்க மனமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தன. மூக்குக்கண்ணாடி போடாத சிராஜ், அந்தப் பாட்டிலைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்.