சகலை, சாகலை

மாமியார் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். கடைசி மகளின் லேப்டாப்பில் தூசி அப்பிக் கிடந்தது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஈரத்துணியை எடுத்து அழுத்தித் துடைத்தார். பொத்தான்களின் இடுக்கில் அழுக்கு போகவில்லை என்று துணியை மறுபடி நனைத்து, பிழியாமலே துடைத்தார். லேப்டாப் பளபளவென்று ஆனது. ஆனால் அதற்கப்புறம் அது எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவும் மகளும் மூத்த மாப்பிள்ளையின் கடை வாசலில் நின்றார்கள். மகள் அழுது முடித்திருந்தாள். அம்மா இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

மூத்த மாப்பிள்ளைக்கு லேப்டாப் பழுது பார்ப்பதுதான் தொழில். வீட்டின் முன்னறையே கடை. அவருக்குப் பட்டப்பெயர் மில்லி. மற்றவர்கள் மூன்று வோல்ட் என்று சொல்லி நிறுத்துகிற இடத்தில் அவர் அதற்குப் பின்னால் தொங்குகிற மில்லிவோல்ட்டையும் சொல்லாமல் விடமாட்டார். மீட்டரும் கையுமாக மணிக்கணக்கில் குனிந்து கிடப்பார். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பெண்டாட்டி மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை, கோபம் வந்தால் தவிர.

"மாமா, எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு" என்றாள் கொழுந்தியாள்.

அவள் கார்ட்டூன் வரைகிறவள். லிஃப்டில் ஏறி மொட்டைமாடிக்குப் போகப் பார்க்கிற ஒரு நத்தையைப் பற்றி, ஒவ்வொரு படமாகக் கையால் வரைந்து, வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஒரு குறும்படம் செய்திருந்தாள். அதை இன்று மாலைக்குள் அனுப்பச் சொல்லி ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. பிடித்துப்போனால் வேலை. வேறு எங்கேயாவது நகல் வைத்திருக்கிறாயா என்று மில்லி கேட்டார். எடுக்கலாம் என்று இருந்தாளாம். உலகத்தில் எல்லோரும் எடுக்கலாம் என்றுதான் இருக்கிறார்கள்.

திருகாணிகளைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து பார்த்தார் மில்லி. படங்கள் இருக்கிற மெமரி சிப் தனியாகக் கழற்றும்படி இல்லை. மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருந்தார்கள். போர்டு எழுந்தால் நத்தையும் எழும். போர்டு போனால் நத்தையும் போச்சு.

"சாயந்தரத்துக்குள்ள ஆயிடுமா மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"ஆகும் அத்தை. நீங்க உள்ள போய் உக்காருங்க. எதையும் துடைக்காதீங்க."

மேஜையில் புதிதாக வாங்கிய காந்த விரிப்பை விரித்தார். கடுகு மாதிரி இருக்கும் திருகாணிகள் உருண்டு ஓடி, அவற்றைத் தேடித் தரையில் தவழ்ந்து அவருக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது. இந்த விரிப்பில் போட்டால் போட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். திருகாணிகளை வரிசையாக வைத்து, போர்டையும் அதன்மேலேயே கிடத்தினார்.

முதல் பழுது சீக்கிரமே அகப்பட்டது. சார்ஜரிலிருந்து மின்சாரம் நுழைகிற முதல் பாதையிலேயே ஷார்ட். அந்தப் பாதையில் வரிசையாக ஒரே மாதிரி குட்டிக் குட்டிக் கெபாசிட்டர்கள். அதில் எது ஈரத்தில் செத்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. மில்லி எல்லாவற்றின் மேலும் ஆல்கஹாலைத் தடவி, ஒரே ஒரு வோல்ட்டை, அதையும் பயந்து பயந்து கொடுத்தார். ஷார்ட்டானது சூடாகும், சூடான இடத்தில் ஈரம் முதலில் காயும். ஓரத்தில் ஒன்று சட்டென்று காய்ந்தது. அதைப் பிடுங்கி வேறொன்றை வைத்தார். ஷார்ட் போய்விட்டது. பவர் சப்ளையை மாட்டி, கடையில் இருந்த தனித் திரையைச் செருகி, பொத்தானை அழுத்தினார். திரை வெளுத்தது.

"வந்துடுச்சு!" என்று கத்தினாள் கொழுந்தியாள்.

அவள் வாய் மூடுவதற்குள் திரை அணைந்துவிட்டது.

மறுபடி அழுத்தினார். மறுபடி வெளுத்தது, மறுபடி அணைந்தது. அதற்கப்புறம் மில்லி தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். ஒவ்வொரு பாதையாக மீட்டர் ஊசியை வைத்து அளந்தார். எல்லா இடத்திலும் வோல்ட் ஒழுங்காக இருந்தது. பிராசசருக்குப் போகிற பாதையில் மட்டும் ஒரு கணம் வந்துவிட்டுச் சுத்தமாக நின்றுபோனது. மதியச் சாப்பாட்டை மனைவி கொண்டுவந்து வைத்தாள், வந்து பார்த்தாள், மூடி வைத்தாள், எடுத்துக்கொண்டு போனாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பிராசசருக்கு மின்சாரம் விடுகிற சிப் கெட்டிருக்க வேண்டும். சூட்டுக்காற்று ஊதுகிற ஹாட் ஏரில் சூடுகாட்டி அதைப் பெயர்த்துவிட்டு வேறு வைக்க வேண்டும். அதை ஒட்டினாற்போலவே, விரல் அகலம்கூட இடைவெளி இல்லாமல், மெமரி சிப் உட்கார்ந்திருந்தது.

ஹாட் ஏரைக் கையில் எடுத்துச் சூடேற்றிக்கொண்டே அதைப் பார்த்தார். கை வரவில்லை. நத்தை அதற்குள்தான் இருக்கிறது. சூடு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தால் எல்லாம் முடிந்தது.

"அவரைக் கூப்பிடலாமே" என்றாள் மனைவி, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அவர் என்றால் யார் என்று மில்லி கேட்கவில்லை. எதிர்ச்சாரியில் கடை வைத்திருக்கிற சகலை. மனைவியின் அடுத்த தங்கையைக் கட்டியவன். அவனுக்கும் பட்டப்பெயர் உண்டு, வெடி. மில்லி அளந்து அளந்து பார்க்கிற இடத்தில் அவன் நேராக வோல்ட்டை ஏற்றி, எது சூடாகிறது, எது புகைகிறது என்று பார்ப்பான். சில நேரம் வெடிக்கும். பல நேரம் வேலை முடிந்துவிடும். முன்பு இரண்டு பேரும் இதே முன்னறையில்தான் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். ஒரு நாள் அவன் கையில் ஒரு போர்டு வெடித்தது. வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மில்லி சொன்னார்: "நீ கை வச்சா எந்தப் போர்டும் பிழைக்காதுடா." அவன் தன் கருவிகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனான். அப்புறம் பேச்சுவார்த்தை எல்லாம் மனைவிமார் மூலமாகத்தான்.

மில்லி ஹாட் ஏரை அணைத்தார். வீராப்பு பார்க்கிற நேரமா இது? செருப்பு மாட்டாமலே தெருவைக் கடந்தார்.

வெடியின் கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவன் எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"கொஞ்சம் வர்றியா?" என்று மட்டும் கேட்டார் மில்லி.

ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. "அஞ்சு நிமிஷம் அண்ணே" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டு அப்படியே எழுந்து வந்தான்.

மேஜைக்கு முன்னால் வந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கையை ஏன் கட்டிக்கிட்டு நிக்கிற? பாரு."

"பாக்குறேன். கை வைக்கமாட்டேன்" என்றான். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே பயந்தான். "சின்னவளோட படம் இருக்குல்ல. நீங்களே போடுங்க."

மில்லி பொத்தானை அழுத்திவிட்டு, பழக்கப்படி மீட்டர் ஊசியைப் பிராசசர் பாதையில் வைத்துக் குனிந்தார். வோல்ட் வந்தது, நின்றது. "பாத்தியா? சுத்தமா ஒண்ணுமில்ல. டெட்."

வெடி போர்டைப் பார்க்கவே இல்லை. மில்லியின் முதுகுக்குப் பின்னால் இருந்த பவர் சப்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வோல்ட்டை ஏற்றி வெடிக்குமா என்று பார்க்கிறவனுக்கு எப்போதும் கண், போர்டு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அதில் காட்டுகிற ஆம்பியர் எண்ணில்தான் இருக்கும்.

"சகலை" என்றான். "சாகலை."

"ஒரு தடவை கூப்பிட்டா போதாதா? இங்கதானே நிக்கிறேன்."

"கூப்பிடல சகலை. சாகலைங்கிறேன். போர்டு சாகலை."

மில்லி திரும்பினார்.

"செத்திருந்தா ஆம்பியர் சைபருக்குப் போயிருக்கணும். போகல பாருங்க. கடைசி எண்ணு இன்னும் துடிக்குது. மெல்ல மூச்சு விட்டுக்கிட்டுக் கிடக்கு. இது சாவு இல்ல, தூக்கம். மூடியை மூடினா தூங்குமே, அந்தத் தூக்கம்."

"மூடிதான் இங்க இல்லவே இல்லையே!"

"மூடி இல்ல. காந்தம் இருக்கு."

மில்லிக்கு அப்போதுதான் உறைத்தது. லேப்டாப்பின் மூடியில் ஒரு சிறு காந்தம் இருக்கும். அது கிட்டே வந்தால் போர்டில் இருக்கிற சென்சார் மூடியை மூடியாயிற்று என்று நினைத்துத் தூங்கப் போய்விடும். இது அவர் அறியாததா? எத்தனையோ பேருக்கு அவரே விளக்கியிருக்கிறார். இன்றைக்கு முழு நாளும் போர்டைக் காந்த விரிப்பின் மேல் படுக்கப் போட்டுவிட்டு, ஏன் தூங்குகிறாய் என்று அதை எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். மில்லிவோல்ட் விடாமல் எண்ணுகிறவர், முதுகுக்குப் பின்னால் துடித்த மில்லிஆம்பியரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போர்டை விரிப்பிலிருந்து தூக்கி ஒரு அட்டைமேல் வைத்தார். பொத்தானை அழுத்தினார். திரை வெளுத்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. திரை வெளுப்பாகவே இருந்தது, அப்புறம் நீலமானது, அப்புறம் நடுவில் நத்தை வந்து நின்றது. கொழுந்தியாள் அதைத்தான் முகப்புப் படமாக வைத்திருந்தாள்.

மில்லிக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அணைத்து வைத்திருந்த ஹாட் ஏரைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பிடிவாதம் இருந்திருந்தால், நன்றாக இருக்கிற சிப்பைப் பெயர்க்கப் போய், பக்கத்தில் இருக்கிற நத்தையை அவர் கையாலேயே வறுத்திருப்பார்.

கொழுந்தியாள் தனி கீபோர்டைச் செருகி, படத்தை ஒரு பென் டிரைவில் ஏற்ற ஆரம்பித்தாள்.

"காப்பி ஆகட்டும், யாரும் மேஜையை ஆட்டாதீங்க" என்றார் மில்லி.

காப்பி என்ற சொல் மட்டும் உள்ளறைக்குப் போயிருக்கிறது. சற்று நேரத்தில் மாமியார் தட்டு நிறையத் தம்ளர்களோடு, தளும்பத் தளும்ப, நேராக மேஜையைப் பார்த்து வந்தார். மூன்று பேரும் ஒரே குரலில் அலறியதில் அவர் வாசற்படியிலேயே சிலையாக நின்றார். மனைவி பின்னாலேயே ஓடிவந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

நகல் எடுத்தாயிற்று. அடுத்தது அனுப்ப வேண்டும். கொழுந்தியாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"போயிடுச்சு!" என்றாள் திடீரென்று.

"ஐயோ, என்ன போச்சு?" என்று மாமியார் நெஞ்சில் கை வைத்தார்.

"படம்மா! படம் போயிடுச்சு! அவங்களுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு!"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாமியார் அப்போதுதான் உட்கார்ந்து அழுதார். கொழுந்தியாள் மில்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய மாமா, நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்? இத்தனை நேரம் பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம..."

"எங்க மாப்பிள்ளை கைராசி அப்படி" என்றார் மாமியார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

வெடி ஏற்கெனவே வாசலுக்குப் போயிருந்தான். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் பேசியது உள்ளறைக்காரர்கள் காதில் விழவில்லை. கொழுந்தியாளுக்கும் அந்த நேரத்தில் நத்தையைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. மில்லி சும்மா இருந்தால் போதும், பெயர் தானாக வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும். வெடியும் வாயைத் திறக்கமாட்டான். தெருவைத் தாண்டிப் போய்ப் பற்றவைக்கிற வேலையைத் தொடருவான்.

"டேய், நில்லு" என்றார் மில்லி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அத்தை, முதல் பழுதை நான் பாத்தேன். அப்புறம் நான் பண்ணினது எல்லாம் தப்பு. காந்தத்துமேல வச்சுட்டு, தூங்குற போர்டைச் செத்துப்போச்சுன்னு நெனச்சு, அறுக்கப் பாத்தேன். இவன் வரலேன்னா படம் போயிருக்கும். என் கையால போயிருக்கும். பிழைக்க வச்சது இவன்."

மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு மாப்பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தான் கையே வைக்கலையே" என்றான் வெடி. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

மில்லி எழுந்து அவனிடம் போனார். இத்தனை நாளாக அளந்து அளந்து பேசின மனுஷருக்கு அப்போது எதையும் அளக்கத் தோன்றவில்லை.

"என்னால உன்னைக் கூப்பிட ஒரு வார்த்தைகூட ஒழுங்கா சொல்ல முடியல. நீ ஏன்னு கேக்காம எழுந்து வந்த பாரு. அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியலடா" என்று சொல்லி, அவன் இரண்டு கையையும் தன் இரண்டு கையால் பிடித்துக்கொண்டார். குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

வெடியின் கண்ணும் கலங்கிவிட்டது. தெருவின் அந்தப் பக்கம் பார்த்தான்.

"விடுங்க சகலை. கடையில ஆள் நிக்குது."

"நிக்கட்டும்" என்றார் மில்லி.