ஸ்கூட்டர் தூங்கிய பிறகு போகலாம்

வீட்டு வண்டிக்குள் ஸ்கூட்டரை ஏற்றிக்கொண்டு போவதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. ஸ்கூட்டர் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். தூங்குகிற ஸ்கூட்டர் கட்டில், பீரோ போல ஒரு வீட்டுச் சாமான். முழித்திருக்கிற ஸ்கூட்டர் வாகனம். வாகனம் என்றால் தன் சக்கரத்தில் சாலையில் வர வேண்டியதுதானே, அடுத்தவர் வீட்டுக்குள் அதற்கு என்ன வேலை என்று சட்டம் கேட்கிறது. நியாயமான கேள்விதான்.

சென்னியப்பனுக்கு இந்தச் சட்டம் நன்றாகவே தெரியும். கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர் அவர். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அடுப்பு, கட்டில், தண்ணீர்த் தொட்டி, சாமி அலமாரி எல்லாம் வைத்துத் தன் கையாலேயே வீட்டு வண்டி கட்டினார். பின்பக்கக் கதவை அகலமாக வைத்ததே ஸ்கூட்டருக்காகத்தான். அது தூங்குமா தூங்காதா என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. தூக்கம் வராத ஆளுக்கு அடுத்தவர் தூக்கத்தைப் பற்றி என்ன தெரியும்?

ஸ்கூட்டர் மகள் பிரதீபாவுடையது. நீல நிறம். பிரதீபா வேலை கிடைத்து மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அங்கே தனி வீடு பிடித்திருக்கிறாள். ஆனால் இன்றுவரை அந்த வீட்டில் பால் காய்ச்சவில்லை. அப்பா தன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய பிறகுதான் காய்ச்சுவேன் என்று சொல்லிவிட்டாள். அதுவரை வரக்காப்பிதான். சென்னியப்பன் ஒவ்வொரு மாதமும் "இதோ வாறேன் கண்ணு" என்பார். ஒவ்வொரு மாதமும் பட்டறைக்கு ஏதாவது ஒரு பஸ் வந்து நிற்கும். ஓய்வு பெற்ற பிறகும் வந்து நின்றது, இவரும் போய் நின்றார்.

போன வாரம் பிரதீபா போனில் பேசினாள். "புதன்கெழம வெடியால நல்ல நேரம் இருக்குதுங்ப்பா. வந்தா வாங்க. வர்லீன்னா இனிமே நான் கூப்புட மாட்டேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கத்தியிருந்தால் அவருக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இன்று செவ்வாய்க்கிழமை. மலையடிவாரச் சாவடியில் பொழுது சாய்ந்தால் பாதையை அடைத்துவிடுவார்கள். வண்டி அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலிருந்து நிற்கிறது.

சாவடியின் ஆய்வாளர் அமலோற்பவம், தெற்கத்திக்காரர், வெற்றிலை போடுகிறவர். அவர் பின்கதவு வழியாக ஏறி, ஸ்கூட்டரின் காதருகே, அதாவது கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு சாவிக்கொத்தை மெதுவாகக் குலுக்கினார். ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் சட்டென்று சாவிப் பக்கம் திரும்பியது.

"முழிச்சுல்லா இருக்கு" என்றார்.

"இப்பத்தானுங் கண்ண மூடுச்சு" என்றார் சென்னியப்பன்.

"மூடிக்கிட்டுக் கெடக்கு. தூங்கல. ஓரமா போட்டுட்டுத் தூங்க வைங்க. ஒண்ணும் அவசரமில்ல."

அவசரமில்லையாம்! சென்னியப்பன் சாதாரண நாளிலேயே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல நிற்பவர். வண்டியை ஓரம் கட்டினார். சன்னல் திரையை இழுத்துவிட்டார். ஸ்கூட்டருக்கு ஒரு போர்வை போர்த்தினார். அது உதறித் தள்ளியது. மறுபடி போர்த்தினார். மறுபடி தள்ளியது. மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினார், அது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. முன்சக்கரத்தைப் பிடித்துவிட்டுப் பார்த்தார், அது சிரித்தது. பிறகு கீழே இறங்கிப் பொழுதைப் பார்த்தார், மேலே ஏறி ஸ்கூட்டரைப் பார்த்தார், மறுபடி இறங்கினார்.

பேசாமல் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே போய்விடலாம். ஆனால் கூட வந்த மனைவி வசந்தாமணிக்கு எதையும் ஓட்டத் தெரியாது. பஸ்ஸை ஓட்டினால் ஸ்கூட்டருக்கு ஆளில்லை, ஸ்கூட்டரை ஓட்டினால் பஸ்ஸுக்கு ஆளில்லை. இரண்டில் ஒன்றை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்றால், ஸ்கூட்டரை விட்டால் பால் இல்லை, பஸ்ஸை விட்டால் வசந்தாமணி இல்லை, மூட்டுவலியோடு அவரால் ஸ்கூட்டரில் உட்கார முடியாது.

இவர்களுக்குப் பின்னால் வந்த ஒரு வீட்டு வண்டியில் பெரிய மோட்டார்பைக் ஒன்று மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஆய்வாளர் சாவிக்கொத்தை எடுக்கக்கூட இல்லை. குறட்டையைக் கேட்டதுமே தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டார். சென்னியப்பனுக்கு வயிறு எரிந்தது.

"ஏனுங், சித்தெ ஒரு எடத்துல உக்காருங்க" என்றார் கட்டிலில் கால் நீட்டியிருந்த வசந்தாமணி. "நீங்க இப்படி ஏறி எறங்கினா அது எப்படித் தூங்கும்? புள்ளய ஒருநா தூங்க வெச்சிருந்தா இதெல்லாந் தெரிஞ்சிருக்கும்."

அது உண்மை. பிரதீபா தொட்டிலில் கிடந்த காலத்தில் அவர் பட்டறையில் கிடந்தார். ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் சீட்டில் மெதுவாகத் தட்டிக்கொடுத்தார். தட்டத் தெரியாத கை. ஆணி அடிப்பது போல விழுந்தது. ஸ்கூட்டர் இன்னும் நன்றாக முழித்துக்கொண்டது.

வசந்தாமணி எழுந்து வந்து ஸ்கூட்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குனிந்து அதன் டயரை விரலால் தடவி முகர்ந்தார்.

"இதென்னுங், எலுமிச்சம்பழ வாசம் வருது?"

"கெளம்பறப்ப வெச்சதுதான்."

"பஸ்ஸுக்கு வெச்சீங்க, செரி. இதுக்கு எதுக்கு வெச்சீங்க?"

"ரெண்டு பழம் மிச்சமிருந்துச்சு புள்ள. வீணாப் போவுதேன்னு இதுஞ் சக்கரத்துலயும் வெச்சு, அதும் மேல ஏத்தித்தான் உள்ள தள்ளுனேன்."

வசந்தாமணி தலையில் அடித்துக்கொண்டார். "பழத்த நசுக்கிட்டு வந்த வண்டி, தான் பயணம் கெளம்பிட்டோம்னு நெனைக்குமா, தூங்கோணும்னு நெனைக்குமா? பாவம், எப்படா ரோடு வரும்னு பாத்துட்டு நிக்குது!"

ரெண்டு எலுமிச்சம்பழத்தில் மிச்சம் பிடித்ததால் ஒரு மத்தியானமே போயிருந்தது. பொழுது மலையின் தோளுக்கு இறங்கிவிட்டது. சென்னியப்பன் ஆய்வாளரிடம் ஓடினார்.

அமலோற்பவம் பொறுமையாகக் கேட்டார். "அப்போ அது வந்து சேந்துட்டுன்னு அதுக்குத் தெரியணும். ஊருக்கு வந்து சேந்தா என்ன செய்வீங்க?"

"ஆரத்தி எடுப்பமுங்."

"எடுங்க. பெறவு தானாத் தூங்கும். சுண்ணாம்பு என்கிட்ட இருக்கு."

ஸ்கூட்டரைக் கீழே இறக்கி, வீட்டு வண்டியின் பக்கத்தில் நிறுத்தினார்கள். வசந்தாமணி தட்டில் தண்ணீர் ஊற்றி, மஞ்சளும் ஆய்வாளரின் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கினார். தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆனது. வெற்றிலையில் சூடம் ஏற்றினார். சென்னியப்பன் பின்பக்கம் பலகையைச் சரிவாகப் போட்டுக்கொண்டிருந்தார், ஆரத்தி முடிந்த நொடியே ஸ்கூட்டரை ஏற்றிவிட வேண்டும் என்று.

"போன தெசையெல்லாம் நல்லபடியாப் போயி, வந்து சேந்துட்ட சாமி" என்று சொல்லி வசந்தாமணி தட்டைச் சுற்றினார். அவருக்குத் தாராளமான கை. எதையும் சின்னதாகச் செய்து பழக்கமில்லை. தட்டு ஸ்கூட்டரைச் சுற்றி, அதற்குப் பின்னால் நின்ற பஸ்ஸையும் சேர்த்து வளைத்துச் சுற்றி வந்தது. ஸ்கூட்டரின் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டுத் தண்ணீரைச் சாலையில் கொட்டினார்.

ஸ்கூட்டர் நீளமாக ஒரு மூச்சு விட்டது. பலகையில் ஏற்றும்போதே அதன் ஹேண்டில்பார் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. உள்ளே போனதும், பிரேக் கம்பிக்குள் வசந்தாமணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது. முந்தானையை இழுத்தால் எழுந்துவிடும் என்பதால் வசந்தாமணியும் பக்கத்திலேயே படுத்துக் கண்ணை மூடினார். ஆய்வாளர் சாவிக்கொத்தைக் குலுக்கினார். ஒன்றும் அசையவில்லை.

"போங்க" என்றார்.

சென்னியப்பன் துள்ளி ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். திரும்பவில்லை. மறுபடி திருப்பினார். பஸ் டயர்களில் தளர்ந்து ஒரு அங்குலம் கீழே இறங்கி, முன்விளக்குகளைப் பாதி மூடிக்கொண்டது.

ஆய்வாளர் கீழேயிருந்து பார்த்தார். "ஆரத்தி இதுக்கும் பட்டுட்டு. இதுவும் வந்து சேந்துட்டுன்னு தூங்குது."

"எழுப்பலாமுங்களா?"

"எழுப்பினா உள்ள இருக்கதும் எந்திரிக்கும். தூங்குற வண்டிய ஏத்திக்கிட்டுப் போவ ஒரு வீடு வேணும். ஒங்களுக்கு வேற வீடு உண்டுமா?"

கரூர் வீட்டை விற்றுத்தான் பஸ் வாங்கியிருந்தார். அவருக்குத் தெரிந்து இந்த உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுக்காரிக்குப் போன் பண்ணி மறுபடியும் வர முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? சாவடிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நாலைந்து தடவை நடந்தார். பிறகு போனை எடுத்தார்.

"சொல்லுங்கப்பா" என்றாள் பிரதீபா. "பட்டறைக்கு பஸ் வந்துருச்சா?"

"இல்ல கண்ணு. மலைக்கு இந்தப் பக்கம் நிக்கறேன். உன்ற வண்டி தூங்கிருச்சு. எங்க வண்டியும் தூங்கிருச்சு. உங்கொம்மாளும் தூங்கிட்டா."



"நெசமாலுமே மலைக்கிட்ட இருக்கீங்களா?"

"இருக்கறேன் சாமி. பாதைய அடைக்கப் போறாங்கொ. எனக்கு என்ன பண்றதுன்னே தெரீல."

"அங்கயே இருங்க. எங்கயும் போயிறாதீங்க. நான் வீட்ட எடுத்துட்டு வாறேன்."

வீடு கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. ஓட்டு வீடு, முன்பக்கம் சின்ன வராந்தா, கொடியில் இரண்டு சுடிதார்கள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை ஒன்று ஒடிந்து ஓட்டில் மாட்டியிருந்தது, அவசரத்தில் எடுத்திருக்கிறாள். சமையலறைச் சன்னலில் பிரதீபாவின் முகம் தெரிந்தது. சாவடிக்கு முன்னால் வீட்டை வளைத்துத் திருப்பி, மலையைப் பார்க்க நிறுத்தினாள். நன்றாகவே ஓட்டுகிறாள் என்று சென்னியப்பன் பெருமைப்பட்டார்.

ஆய்வாளரும் சாவடிக் காவலர்களும் சேர்ந்து பஸ்ஸைச் சத்தமில்லாமல் கூடத்துக்குள் தள்ளினார்கள். கூடம் சரியாக இருந்தது.

பிரதீபா அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"எளச்சுட்டீங்க" என்றாள். பிறகு, "நான் வந்து பாக்கறப்ப இருக்க மாட்டீங்கன்னுதான் நெனச்சேன். ஒவ்வொரு வளைவுலயும் நெனச்சுட்டே வந்தேன்" என்றாள்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்க போவேன்" என்று மட்டும் சொன்னார். மகளின் தலையில் கை வைத்தார். இந்தத் தடவை கை மெதுவாகவே விழுந்தது.

அவள் பஸ்ஸுக்குள் ஏறி ஸ்கூட்டரைப் பார்க்கப் போனாள். போனவள் வரவில்லை. சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். ஒரு கை ஸ்கூட்டரின் சீட்டில், தலை அம்மாவின் தோளில். மலை இறக்கம் முழுக்க வீட்டைப் பிடித்துக்கொண்டு வந்த களைப்பு. கூப்பிட வாயெடுத்தவர் கூப்பிடவில்லை.

"பொழுது அடையப் போவுது. வீட்ட யாரு எடுக்கா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"நாந்தானுங்" என்றார் சென்னியப்பன்.

ஆய்வாளர் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார். சென்னியப்பன் சமையலறைக்குள் வலது காலை எடுத்து வைத்தார். சன்னலுக்குப் பின்னால் நின்று வீட்டை மெதுவாக நகர்த்தினார், கூடத்தில் ஒரு ஸ்பூன்கூடச் சத்தம் போடாதபடி. வாழ்நாளில் இவ்வளவு நிதானமாக அவர் எதையும் ஓட்டியதில்லை.

இரண்டாவது வளைவில் எதிரே ஒரு கல்யாண மண்டபம் இறங்கி வந்துகொண்டிருந்தது. சீரியல் விளக்கும், பந்தியும், கெட்டிமேளமுமாக வந்தது. சென்னியப்பன் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மடியில் இறக்கினார். பந்தியில் இருந்தவர்கள் அப்பளத்தை நொறுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்கள். மலையில் ஏறுகிற வீட்டுக்குத்தான் முதலில் வழி என்பதால், மண்டபம் ஓரமாக ஒதுங்கி நின்றது.